போனில் ஏற்றிய பெயர்

மதினி,

முதலில் நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மூத்த மகனின் பையன் சரவணன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் குளிர்கிடங்கில் மிஷின் பார்க்கிறான். அவன் கை வைத்தால்தான் அந்த மிஷின் சொன்ன பேச்சுக் கேட்கிறதாம். முதலாளியே என்னிடம் சொன்னார். அவன் தங்கை தேவி பழனியில் தையல் படித்து, போட்டியில் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்கிவந்தாள். சின்ன மகனின் பெண் காவியா பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். இப்போது திண்டுக்கல்லில் கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். நம் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போய்க் கணக்கை எடுத்துப் படிக்கிற முதல் பெண் அவள்தான்.

நீ இருந்திருந்தால் இந்த இடத்தில், "பாட்டு முடிஞ்சுதா மதினி? தேத்தண்ணி ஊத்தட்டா?" என்று கேட்டிருப்பாய். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தை விட்டு நீ எங்கள் மலைக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனபிறகும் டீயை நீ டீ என்று சொன்னதே இல்லை. நான் பேரப்பிள்ளைகளின் பெருமையை எடுத்துவிட்டால் அதை நீ பாட்டு என்பாய். பாட்டு முடிகிறவரை வெற்றிலையை மடித்தபடி பொறுமையாகக் கேட்பாய்.

குளிர் ஏறிவிட்டதென்று இன்று மதியம் ஸ்வெட்டர் எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். புகைபிடித்த பூண்டு வாசம் குப்பென்று வந்தது. பெட்டியில் பூண்டு ஏது என்று துணிகளை விலக்கிப் பார்த்தால், அடியில் உன் பழைய போன். கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஓடுகிற கீறல். உன் காரியம் முடிந்த மறுநாள், "இது ஒங்க மரத்தடியிலதான ரொம்ப நாளு கெடந்துச்சு, நீங்களே வச்சுக்கங்க" என்று உன் மருமகள் கொண்டுவந்து கொடுத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளியே மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடமெல்லாம் பூட்டிக் கிடந்த அந்தக் கொரோனா வருஷம் நினைவிருக்கிறதா? இனிமேல் பாடம் போனில் வரும் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். நம் ஊரில் பாதி வீட்டில் பட்டன் போன்தான். திருப்பூரில் வேலை பார்த்த உன் மகன் உனக்கு ஒரு டச் போன் வாங்கி அனுப்பியிருந்தான். ஆனால் உன் வீடு பள்ளத்தில் இருந்தது. டவர் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. என் வீட்டுக் கொல்லையில் பேரிக்காய் மரத்தடியில் மட்டும் இரண்டு கோடு தெரியும். வெயிலடித்தால் மூன்று. போன் உன்னுடையது, மரம் என்னுடையது. உன் பேத்தி ஷாலினியும் என் பேத்தி காவியாவும் ஒரே எட்டாம் வகுப்பு. வேறென்ன வேண்டும்?

உரச்சாக்கை விரித்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் உட்காருவார்கள். ஒரு ஒயரின் ஒரு முனை இவள் காதில், மறுமுனை அவள் காதில். மரத்திலிருந்து சொட்டுகிற பனி போனில் விழாமல் நான் குடை பிடித்து நிற்பேன். நீ எதிரே கல்லில் உட்கார்ந்து பூண்டை உரித்துக்கொண்டிருப்பாய். மூட்டம் வந்தால் முதலில் எதிர்ச்சரிவு மறையும். பிறகு பூண்டுக் காடு, பிறகு வேலி, பிறகு கோழிகள். கடைசியில் அந்தக் கண்ணாடியின் சின்ன வெளிச்சமும் அதன்மேல் கவிந்த இரண்டு முகங்களும்தான் உலகத்தில் மிச்சம் இருப்பதுபோல இருக்கும். எங்கிருந்தோ டீச்சரின் குரல் மட்டும் வரும். நாம் இரண்டு பேரும் மேகத்துக்குள் உட்கார்ந்து பள்ளிக்கூடம் நடத்துகிறோம் என்று எனக்குத் தோன்றும். உன்னிடம் ஒருநாள் அதைச் சொன்னேன். "நடத்து, நடத்து. கொடைய மட்டும் நேராப் பிடி" என்றாய்.

அப்படியும் ஒருநாள் ஈரம் உள்ளே போய்ப் போன் செத்துப்போயிற்று. பிள்ளைகள் அழுதார்கள். "அடுப்புக்கு மேல பூண்டு காயுற பரண்ல போடு மதினி. பூண்டே காயுது, இது காயாதா?" என்றாய். இரண்டு நாள் புகையில் கிடந்து மூன்றாம் நாள் அது உயிர் பெற்றது. "அப்பாயி, போனைத் தாளிச்சுட்டீங்களா?" என்று காவியா உன்னைக் கேலி செய்தாள். ஷாலினி உன்னை அப்பாயி என்பாள், காவியாவும் அப்படியே கூப்பிடுவாள். அதேபோல நான் இரண்டு பேருக்கும் அப்பத்தா.

அதற்கு அடுத்த வாரம் டீச்சரே முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு காய்கறி வண்டியில் வந்து இறங்கினார். போனில் ஒரு புது ஆப் ஏற்றினார். கேள்வி வரும், நான்கு பதில் வரும். சரியானதைத் தொட்டால் பச்சை. தப்பைத் தொட்டால் சிவப்பு. மதிப்பெண் தானாகவே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

"ஒரு நம்பருக்கு ஒரு பேருதான் ஏறும். யார் பேரைப் போடட்டும்?" என்று டீச்சர் கேட்டார்.

நீதான் சிரித்துக்கொண்டே, "காவியா பேரைப் போடுங்க டீச்சர். மரம் அவளுது, டவரு அவளுது. நாங்க வெறும் போனுதான?" என்றாய்.

எல்லோரும் சிரித்தோம். "சரி, ஷாலினி நோட்ல எழுதி வைக்கட்டும், பள்ளிக்கூடம் தெறந்ததும் பாத்துக்கிடலாம்" என்றார் டீச்சர். ஷாலினி மூன்று நாள் நோட்டில் எழுதினாள். நான்காம் நாள் நோட்டு மடியிலேயே கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கண்ணாடியைத் தொட ஆரம்பித்துவிட்டார்கள்.

கேள்விகள் எனக்குப் புரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கணக்கில் எக்ஸ் என்று ஒன்று வந்தால் நான் அங்கேயே இறங்கிக்கொள்வேன். ஆனால் குடை பிடித்து நிற்கிறவளுக்கு விரல் தெரியும், மதினி. ஷாலினியின் ஆள்காட்டி விரலில் களைக்கொத்து பட்டு நகம் கறுத்திருந்தது. தமிழும் வரலாறும் வந்தால் காவியா டக்டக்கென்று தொடுவாள். கணக்கு வந்தால் அவள் கேள்வியைச் சத்தமாக வாசித்துவிட்டுக் காத்திருப்பாள். அந்தக் கறுத்த நகம் வந்து தொடும். பச்சை. மறுபடியும் தொடும். மறுபடியும் பச்சை. காவியா அவசரப்பட்டுத் தானே தொட்டால் சிவப்பு வரும். "ஏய், இருடி. மொதல்ல ரெண்டையும் ஒரே பக்கம் கொண்டா" என்று ஷாலினி ஈர மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டுவாள். மேலே மூலையில் மட்டும் ஒரே பெயர் நின்றுகொண்டிருக்கும். காவியா.

ஒருநாள் பத்து மணிக்கு உன் போன் அடித்தது. நீதான் எடுத்தாய். "சரிங்க டீச்சர். சரிங்க. பக்கத்துலதான் நிக்கிது" என்றாய். கண்ணாடியைச் சேலையில் துடைத்து என்னிடம் நீட்டினாய். "ஒனக்குத்தான் மதினி. நல்ல சேதி."

பழனியில் விடுதியோடு இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு நம் பள்ளியிலிருந்து ஒரு பெண்ணை எடுக்கிறார்கள் என்றார் டீச்சர். அந்த வருஷம் பரீட்சையே நடக்கவில்லை. அதனால் ஆப்பில் ஏறிய மதிப்பெண்ணைப் பார்த்தார்களாம். "நம்ம பள்ளிக்கூடத்துலயே காவியாதான் பாட்டி முதல். கணக்குல யாரும் கிட்டவே வரல" என்றார்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தைக்கு இடம் இருந்தது. 'அந்தக் கணக்கெல்லாம் ஷாலினி போட்டது டீச்சர்.' அவ்வளவுதான். மரத்திலிருந்து ஒரு காய் தரையில் வந்து விழுகிற நேரம் போதும். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அது தெரியும். நான் உன்னைப் பார்க்காமல், "ரொம்ப சந்தோசம் டீச்சர்" என்றேன்.

நீ எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாய். "வெரசாப் பெட்டியக் கட்டு மதினி. கீழ வெக்கையா இருக்கும். நூல் துணியா எடுத்து வை" என்றாய். நான் கட்டினேன்.

காவியாவைக் கொண்டுபோய் விட்ட அன்று நீ வெள்ளனே எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தாய். கையில் மூடி போட்ட தகரப் பேணி, உள்ளே சூடான தேத்தண்ணி. ஷாலினி வரவில்லை. "தல வலிக்குதுன்னு படுத்துக் கெடக்கு" என்றாய். பஸ் மலையிறங்குகிற வளைவுகளில் காவியா வாந்தி எடுத்தாள். ஆயக்குடிக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். என் நெஞ்சு நிமிர்ந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் ஷாலினி என் கொல்லைப்பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. போன் வேண்டுமென்றால் தைலமரக் காட்டைத் தாண்டி ஒரு மைல் நடந்து, அந்தப் பெரிய பாறைமேல் ஏறி உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மரத்தடியில் நின்று பார்த்தால், மூட்டம் விலகுகிற நேரத்தில் பாறைமேல் அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர் தெரியும். அப்பனோடு திருப்பூருக்குப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு மூட்டம் அவளை மூடிக்கொள்ளும். நானும் உள்ளே போய்விடுவேன்.

நீ மட்டும் வந்துகொண்டே இருந்தாய். அதே கல்லில் உட்கார்ந்தாய், அதே பூண்டை உரித்தாய். போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி நீ படுக்கையில் விழுந்தபோது தினமும் உன் கட்டிலருகில் வந்து உட்கார்ந்தேன். மூன்று முறை வாயெடுத்தேன், மதினி. மூன்றாவது முறை நீ கண்ணைத் திறந்து, "என்ன மதினி, சொல்லு" என்றாய். அப்படி ஒரு மெதுவான குரலில் நீ என்னைக் கேட்டதே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? காவியா பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் இத்தனை எடுத்தாள் என்று பாட்டைப் பாடினேன். நீ மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாய். "நல்லாருக்கட்டும்" என்றாய்.

இந்தப் பொங்கலுக்குக் காவியா வந்திருந்தாள். பேச வந்த விருந்தாளிகளிடம், "கணக்கு எங்க வம்சத்துக்கு ரத்தத்துலயே கெடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் போனதும் காவியா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பத்தா, அந்த ரத்தக் கதைய இனி யார்ட்டயும் சொல்லாத."

"ஏன்டி, பொய்யா?"

"பொய்தான். பழனிக்குப் போன மொத பரீட்சையில நான் கணக்குல பெயிலு. ஞாயித்துக்கெழம விடுதியில ஒரு மணி நேரம் போன் குடுப்பாங்க. ஷாலினிக்குத்தான் போடுவேன். அவ பாறையில உக்காந்து ஒவ்வொரு கணக்காச் சொல்லிக் குடுத்தா. நாலு வருசம்."

"அப்ப அந்த ஆப்ல ஏறுன மார்க்கு?" என்று கேட்டேன், தெரியாதவளைப் போல.

காவியா திரும்பி என்னைப் பார்த்தாள். "நீதான குடை பிடிச்சுக்கிட்டு நின்ன?"

பிறகு குழாயை மூடிவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள். "அன்னைக்கே டீச்சர்ட்ட சொல்லிருவோம்னு ஓடியாந்தேன் அப்பத்தா. நீ என் பாவாடைய மடிச்சு மடிச்சுப் பெட்டியில வச்சுக்கிட்டு தனியாச் சிரிச்சுக்கிட்டு இருந்த. வாய் வரல."

மறுநாள் முதல் பஸ்ஸில் கொடைக்கானல் பஜாருக்குப் போனேன். ஷாலினி அங்கே பாய் ஒருவர் கடையில் போன் பழுது பார்க்கிறாள். தபால் வழியாகக் கல்லூரிப் படிப்பும் படிக்கிறாள். நீ இருக்கும்போதே சேர்ந்துவிட்டாள், உனக்குத் தெரியும். இது உனக்குத் தெரியாது: தினமும் கடை அடைக்கும் முன்னால் அரை மணி நேரம் கணக்குப் பாடம் சொல்லி, அதைப் போனிலேயே படம் பிடித்து, சின்னச் சின்னச் சிப்பில் ஏற்றுகிறாள். டவர் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பஸ் கண்டக்டர் வழியாகப் போய்ச் சேருகிறது. எந்தப் போனில் செருகினாலும் பாடம் ஓடும். டவர் வேண்டாம், பேர் ஏற்ற வேண்டாம்.

"என்ன பாட்டிம்மா, போனு ரிப்பேரா, ஆளு ரிப்பேரா?" என்று பாய் கேட்டார்.

"ஆளுதான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப உள்ள போங்க. பெரிய ரிப்பேரெல்லாம் அந்தப் பொண்ணுதான் பாக்கும்" என்றார்.

மேசை விளக்குக்கு அடியில் ஒரு போனின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகம் இப்போது வெள்ளையாக வளர்ந்திருக்கிறது. "ஒக்காருங்க அப்பத்தா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தால் சொல்லாமல் போய்விடுவேன் என்று பயந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"இதச் சொல்லவா மொத பஸ்ஸுக்கு வந்தீங்க?"

"ஆமாத்தா."

"நாலு வருசம் ஒங்க மரத்தடிக்கு நான் வரல. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"கவனிச்சுட்டுப் பேசாம இருந்தீங்கள்ல, அதுதான் எனக்கு ஆறல. சீட்டு போனதுகூட இல்ல." அவள் குரல் உயரவில்லை. "காவியா மேல எனக்குக் கோவம் கெடையாது. அவ கீழ போயி முழிச்சுக்கிட்டு நின்னா. விட மனசு வரல."

நான் அழுதேன். அவள் அழவில்லை. ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்தாள்.

"அப்பாயிட்ட சொன்னீங்களா அப்பத்தா?"

"இல்லத்தா."

"அது காத்துக்கிட்டே இருந்துச்சு. நான் வந்து ஒங்ககிட்டச் சண்ட போடுறேன்னு சொன்னப்பல்லாம், 'போகாத, மதினி ஒரு நாளைக்குத் தானாச் சொல்லும்'னு என் வாயக் கட்டிப் போட்டுச்சு. கடைசி வரைக்கும் காத்துக்கிட்டுக் கெடந்துச்சு. மொதல்ல அதுகிட்டச் சொல்லுங்க. பெறகு எங்கிட்ட வாங்க."

அதனால்தான் எழுதுகிறேன். சன்னலில் வெளிச்சம் குறைகிறது, உன் போன் மடியில் இருக்கிறது, உன்னிடம் சொல்கிறேன்: அந்தக் கணக்கெல்லாம் ஷாலினி போட்டது. பச்சை விழுந்த ஒவ்வொரு தடவையும் நான் பார்த்தேன். பெயரைப் போடச் சொன்னது நீதான், ஆனால் பழனிப் பள்ளிக்கூடத்து இடத்தைக் கொடுக்கச் சொன்னது நீ இல்லை. தெரிந்தே வாங்கிக்கொண்டேன். நீ கட்டிலில் கேட்டபோதும் தெரிந்தேதான் மறைத்தேன்.

டீச்சருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "இப்ப நான் என்ன பாட்டி செய்யட்டும்?" என்றார். "ஒண்ணும் செய்ய முடியாது டீச்சர். யாரு போட்ட கணக்குன்னு நீங்க தெரிஞ்சு வச்சுக்கங்க" என்றேன்.

இப்போதெல்லாம் மதியத்தில் கண் அயர்ந்தால் அந்த மரத்தடிதான் வருகிறது. குடையின் கனம் கையில் அப்படியே இருக்கிறது. மூட்டத்துக்குள் ஒரு விரல் நீளும், பச்சை வெளிச்சம் அதன் நுனியில் பூக்கும். நீ எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பாய். மிச்ச நாளுக்கு நான் தூக்கிக்கொண்டு போவது அந்தப் பார்வையைத்தான். கோபம் இல்லாத பார்வை. அதனால்தான் அது இத்தனை கனம்.

உன்னால் ஆகவேண்டிய சோலி ஒன்றே ஒன்று இருக்கிறது, மதினி. அன்று கிளம்பும்போது ஷாலினியிடம், "ஒன்ன ஒரு படம் எடுத்துக்கட்டா?" என்று கேட்டேன். "இப்ப வேணாம் அப்பத்தா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொன்னது நியாயம்தான். மறுபடி கேட்க எனக்கு வாய் இல்லை. நீ சொன்னால் கேட்பாள். என் கனவுக்கு வருகிற வழியில் ஒருநாள் அவள் கனவுக்குப் போ. அந்தக் கடை மேசையில், விளக்கு வெளிச்சத்தில், பிள்ளைகளுக்குப் போகிற சிப்பையெல்லாம் முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு புதிதாக ஒரு படம் எடுக்கச் சொல். அவசரமில்லை, அவளுக்கு மனசு வருகிறபோது போதும். போனில் அனுப்ப வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்கிற படமாகத் தபாலில் போடச் சொல். அடியில் ஷாலினி என்று அவள் கையாலேயே எழுதி.